'டூ ஆர் டை' என்ற தொடரை வைத்து இணைய அகராதிகளைச் சோதித்துப் பார்த்தேன்

எந்த ஆங்கில அகராதி நல்லது என்று யாராவது கேட்டால், அரிய சொல்லைப் போட்டுப் பார்க்காதீர்கள், தெரிந்த சொல்லைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அரிய சொல்லுக்கு எல்லா அகராதியும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் கொடுக்கும். எல்லோர் வாயிலும் புழங்குகிற, எல்லோருக்கும் பாதி தெரிந்த தொடர்களில்தான் ஒரு அகராதியின் தரம் வெளியே வரும். அதற்காக நான் எடுத்துக்கொண்டது 'டூ ஆர் டை' (do or die), நாம் 'செய் அல்லது செத்து மடி' என்று படித்த அதே தொடர். இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை ஒரு வாக்கியத்தில் எங்கே வைப்பது, யாரைப் பற்றிச் சொல்லலாம், எந்த நிலைமைக்குப் பொருந்தாது என்று கேட்டால், நன்றாக ஆங்கிலம் படித்தவர்களுமே கொஞ்சம் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைக்கிற அகராதி எது என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம்.

முதலில் மெரியம்-வெப்ஸ்டர். எனக்கு மிகவும் பிடித்த பதில் இங்கேதான் கிடைத்தது, காரணம் இவர்கள் பொருளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று மனிதரைப் பற்றியது: எடுத்த காரியத்தை முடித்தே தீருவது என்று விடாப்பிடியாக நிற்கிற உறுதி. இன்னொன்று நிலைமையைப் பற்றியது: முழு வெற்றி அல்லது முழு நாசம், நடுவில் ஒதுங்கி நிற்க இடமே இல்லாத கட்டம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் இந்தத் தொடரில் ஏற்படுகிற குழப்பத்தில் பாதி இதோடு தீர்ந்துவிடுகிறது. ஒருவர் 'டூ ஆர் டை' மனநிலையில் இருக்கிறார் என்றால் அவருடைய பிடிவாதத்தைச் சொல்கிறோம். ஒரு ஆட்டம் 'டூ ஆர் டை' ஆட்டம் என்றால் ஆடுகிறவர்களின் மனநிலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தோற்றால் வெளியே போக வேண்டியதுதான் என்கிற கணக்கைச் சொல்கிறோம். தமிழில் இந்த இரண்டுக்கும் நாம் தனித்தனிப் பேச்சு வைத்திருக்கிறோம். முதலாவதற்கு 'தலையே போனாலும் செய்து முடிப்பேன்', 'இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன்' என்போம். இரண்டாவதற்கு 'வாழ்வா சாவா' என்போம். விளையாட்டுப் பக்கங்களில் 'வாழ்வா சாவா ஆட்டம்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதைச் சரியாகவே பிடித்துவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது காலின்ஸ். இதன் இணையதளத்தில் கோபில்ட் அகராதியின் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-ல் வந்த அகராதி அது. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லைப் போட்டு 'இதற்கு இது பொருள்' என்று சொல்லாமல், அந்தச் சொல்லையே வைத்து ஒரு முழு வாக்கியம் எழுதி அதன் வழியாகப் பொருள் சொல்வது அதன் தனிப்பாணி. 'டூ ஆர் டை' போன்ற தொடருக்கு இந்தப் பாணி எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட போர் அல்லது போராட்டம் என்றால் எப்படியாவது வென்றாக வேண்டும் என்று வெறியோடு முயல்வது, என்கிற மாதிரி விளக்கம் போகிறது. வாசிக்கிறவருக்குப் பொருள் மட்டும் கிடைக்கவில்லை. இது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்காரும், 'போர்', 'போராட்டம்', 'ஆட்டம்', 'முயற்சி' மாதிரியான பெயர்களோடுதான் கூட்டுச் சேரும் என்கிற இலக்கணமும் கூடவே வந்துவிடுகிறது. இதைத் தனியாக விதி போட்டுச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அந்த இலக்கணம் முக்கியமானது என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம். 'டூ', 'டை' இரண்டும் வினைச்சொற்கள், ஆனால் இந்தத் தொடருக்குள் வந்த பிறகு அவை வினை மாதிரி நடந்துகொள்வதில்லை. 'டிட் ஆர் டைட்' என்று இறந்தகாலத்துக்குக் கொண்டுபோக முடியாது. 'டூயிங் ஆர் டையிங்' என்றால் கேட்கிறவர் முகம் சுளிப்பார். முன்பின் மாற்றி 'டை ஆர் டூ' என்றும் சொல்ல முடியாது. பெயருக்கு முன்னால் வரும்போது எழுத்தில் மூன்று சொல்லுக்கும் நடுவில் சிறு கோடு போட வேண்டும். 'இட்ஸ் டூ ஆர் டை ஃபார் தெம்' என்று வாக்கியத்தின் பின்பகுதியில் வந்தால் கோடு தேவையில்லை. அப்புறம், அந்த 'ஃபார் தெம்' பகுதியைக் கவனியுங்கள். யாருக்கு என்பதைச் சொல்வது இந்தத் தொடரின் உயிர்நாடி, பலரும் கோட்டைவிடுகிற இடமும் அதுதான்.

மூன்று ஆட்டம் கொண்ட கிரிக்கெட் தொடர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் ஒரு அணி தோற்றுவிட்டது. இரண்டாவது ஆட்டம் தோற்ற அணிக்கு மட்டும்தான் 'டூ ஆர் டை'. ஜெயித்த அணி இதில் தோற்றாலும் மூன்றாவது ஆட்டம் கையில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றால் மூன்றாவது ஆட்டம் இரண்டு பேருக்கும் முடிவு கட்டுகிற ஆட்டம், அதற்கு 'டிசைடர்' என்றே தனிச்சொல் இருக்கிறது. லீக் போட்டியில் கடைசி ஆட்டத்தில் தோற்றாலும் ரன் ரேட் கணக்கில் உள்ளே போக வாய்ப்பு உண்டு என்றால் அது 'டூ ஆர் டை' ஆகவே ஆகாது. தோல்விக்குப் பிறகு ஒரு வழி பாக்கி இருந்தாலே 'டூ ஆர் டை'க்கு அங்கே வேலை இல்லை. மறுபடி எழுதலாம் என்கிற தேர்வுக்கும், தவணை நீட்டிக்கக்கூடிய கெடுவுக்கும் இதே கணக்குதான்.

கேம்பிரிட்ஜ் அகராதி, கற்பவர்களுக்காகவே எழுதப்பட்டது, இலவசம், பல சொற்களுக்கு ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (மிக உயர்ந்த நிலை) வரை எந்த நிலைக்கு உரியவை என்ற குறியும் போட்டிருப்பார்கள். எளிமையில் இதை மிஞ்ச ஆளில்லை. உதாரண வாக்கியமும் இறுதி ஆட்டத்தைப் பற்றியது என்பதால் சட்டென்று மனதில் பதிகிறது. ஆனால் விளக்கத்தில் தோல்வியைத் தவிர்க்கப் பெரிய ரிஸ்க் எடுக்க வேண்டிய நிலை என்கிற பொருள் வருகிறது, அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் ஒரு அணி கட்டை போட்டு, நிதானமாக, ஒரு ரிஸ்க்கும் எடுக்காமல் ஆடி ஜெயிக்கலாம். அப்போதும் அது 'டூ ஆர் டை' ஆட்டம்தான். என்ன போகப்போகிறது என்பதுதான் பொருளின் மையம், எப்படி ஆடுகிறார்கள் என்பது வேறு விஷயம். முதல்முறை இந்தத் தொடரைச் சந்திக்கிறவருக்கு கேம்பிரிட்ஜ் போதும். ஆனால் இந்தத் தொடரை வைத்து எழுதப்போகிறவர் அங்கேயே நிற்கக் கூடாது.

இனி பெரியவர், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884-ல் முதல் பகுதி வந்து 1928-ல் முடிந்த அகராதி, 2000 முதல் இணையத்திலும் இருக்கிறது. சந்தா கட்ட வேண்டும். பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இதைத் திறந்துவிடுகின்றன, அதனால் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கிற ஆக்ஸ்ஃபோர்டு கற்பவர் அகராதி வேறு, இது வேறு, பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சொல்லை யார், எந்த ஆண்டில், எந்த வாக்கியத்தில் பயன்படுத்தினார்கள் என்று ஆண்டுவரிசையில் மேற்கோள் அடுக்குவது இதன் பலம். மற்ற அகராதிகளைப் போலப் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் கொடுத்த காசு வீண்.

இந்தத் தொடருக்கு வரலாறு ஏன் வேண்டும்? ராபர்ட் பர்ன்ஸ் 1793-ல் எழுதிய ஸ்காட்லாந்துப் பாடல் ஒன்று 'லெட் அஸ் டூ ஆர் டை' என்று முடிகிறது. 1314-ல் இங்கிலாந்துப் படையோடு நடந்த பானக்பர்ன் போருக்கு முன் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் தன் படையிடம் பேசுவதாக அமைந்த பாட்டு அது. அதில் 'டூ' என்றால் வெறுமனே ஏதோ ஒன்றைச் செய்வது இல்லை, வென்று முடிப்பது. அறுபது ஆண்டு கழித்து, 1854-ல், ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் வேறொரு வரி எழுதினார். கிரிமியப் போரில் தவறாகப் போன ஒரு கட்டளையை ஏற்று பீரங்கிகளை நோக்கிக் குதிரையில் பாய்ந்த வீரர்களைப் பற்றியது. அங்கே வருவது 'டூ அண்ட் டை'. ஏன் என்று கேட்பது அவர்கள் வேலை இல்லை, செய்துவிட்டுச் சாவதுதான் அவர்கள் வேலை என்கிறது அந்த வரி. இதைப் பலரும் 'டூ ஆர் டை' என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள், அப்படியே மேற்கோளும் காட்டுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு இணைப்புச் சொல் மாறுகிறது, அர்த்தம் தலைகீழாகிறது. 'ஆர்' இருந்தால் ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது, போராடுகிறவர் தானே தேர்ந்து நிற்கிறார். 'அண்ட்' வந்தால் வழியே இல்லை, சாவு முடிவான விஷயம், இருப்பது கீழ்ப்படிதல் மட்டும். துணிச்சலைப் பாராட்டும் உரையில் டென்னிசன் வரியைத் தவறாக எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நமக்கு இந்தத் தொடர் வந்து சேர்ந்தது 1942 ஆகஸ்ட் 8 அன்று, பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில். காந்தி முதலில் இந்துஸ்தானியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசினார். இந்தியில் அந்த மந்திரம் 'கரேங்கே யா மரேங்கே'. அதாவது 'செய்வோம், இல்லையேல் மடிவோம்'. பேசுகிறவர் தன்னையும் சேர்த்துக்கொண்டு 'நாம்' என்று சொல்கிறார். ஒன்று இந்தியாவை விடுவிப்போம், இல்லை அந்த முயற்சியில் சாவோம் என்று அதே உரையில் விரித்தும் சொன்னார். மறுநாள் விடியும்போதே கைதானார். தமிழில் நாம் பாடப்புத்தகத்தில் படித்தது 'செய் அல்லது செத்து மடி'. இது ஏவல், எதிரே நிற்பவரிடம் சொல்வது. ஆங்கிலத்தின் 'டூ ஆர் டை' தன்மையாகவும் இருக்கலாம், ஏவலாகவும் இருக்கலாம், அந்த நெகிழ்வினால்தான் தமிழில் ஏவலாகப் போய் நின்றது. மூன்று மொழியிலும் காதுக்கு ஒரு பிடி இருப்பதையும் கவனித்தேன். ஆங்கிலத்தில் 'ட'வும் 'ட'வும், இந்தியில் கடைசி எதுகை, தமிழில் 'செய்', 'செத்து' என்ற மோனை. ஒரு முழக்கம் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இவ்வளவையும் எந்த அகராதியும் ஒரே இடத்தில் தராது. ஆனால் ஆண்டுவரிசை மேற்கோள்கள் நம்மை இந்தக் கேள்விகளுக்குக் கொண்டுபோய் விடுகின்றன, அதற்காகவே ஆக்ஸ்ஃபோர்டுக்கு என் மரியாதை.

எல்லா அகராதியிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தத் தொடர் தேய்ந்துபோவதைப் பற்றி யாரும் ஒரு குறிப்புகூடப் போடுவதில்லை. 2019 ஜூனில் போரிஸ் ஜான்சன், அக்டோபர் 31-க்குள் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும், 'டூ ஆர் டை' என்றார். அந்த நாள் வந்தது, போனது, வெளியேறவில்லை. வெளியேறியது 2020 ஜனவரி 31-ல். அரசியலில் இந்தத் தொடரைச் சொல்லும்போது இரண்டாவது பாதிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை, அதனால் முதல் பாதிக்கும் எடை குறைந்துபோகிறது. கற்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில், அலுவலக மின்னஞ்சலில், 'திஸ் இஸ் டூ ஆர் டை ஃபார் அஸ்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு உறுதி தெரியாது, பதற்றம்தான் தெரியும்.

சரி, இப்போது மரபுத்தொடர் கற்பிக்கும் செயலி ஒன்று. பெயர் வேண்டாம், இதே மாதிரி நிறைய இருக்கின்றன. தினமும் ஒரு அட்டை, பின்னால் ஒத்த பொருள் பட்டியல். 'டூ ஆர் டை' அட்டையில் அது 'மேக் ஆர் பிரேக்', 'சிங்க் ஆர் ஸ்விம்', 'ஆல் ஆர் நத்திங்', 'கோ ஃபார் புரோக்', 'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்' எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாம் ஒன்றே என்பதுபோல் காட்டியது. இதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். இவற்றில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் பல இடங்களில் வாக்கியமே கெட்டுவிடும்.

'மேக் ஆர் பிரேக்' என்பதில் மனிதரின் உறுதிக்கு இடமே இல்லை, அந்தத் தருணமோ பொருளோதான் அவருடைய எதிர்காலத்தை ஆக்கும் அல்லது அழிக்கும். 'சிங்க் ஆர் ஸ்விம்' என்றால் துணைக்கு ஆளில்லாமல் தண்ணீரில் தள்ளிவிடப்பட்ட நிலை, புதிதாக வேலைக்கு வந்தவருக்கு ஒன்றும் சொல்லித்தராமல் விடுவது மாதிரி. அங்கே தோல்வி வந்தால் குற்றம் தள்ளிவிட்டவர் மேலும் போகும். 'ஆல் ஆர் நத்திங்' பாதி வேண்டாம் என்று சொல்வது, பேரம் பேசும்போதும் வரும், உயிர் ஊசலாட வேண்டிய அவசியம் இல்லை.

'கோ ஃபார் புரோக்' இவற்றில் தனி ரகம். ஹவாயில் தாயக்கட்டைச் சூதாட்டத்தில், கையில் இருப்பதை எல்லாம் ஒரே உருட்டில் வைப்பதைச் சொன்ன பேச்சுவழக்கு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல் உருவான அமெரிக்காவின் 442-வது ரெஜிமென்ட்டல் காம்பட் டீம் இதையே தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களின் படை அது. அவர்களில் பலருடைய குடும்பங்கள் அந்த நேரத்தில் அமெரிக்க அரசின் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தன. 1944 அக்டோபரில் பிரான்சின் வோஜ் மலைக்காட்டில் சூழப்பட்டுக் கிடந்த டெக்சாஸ் பட்டாலியன் வீரர்கள் 211 பேரை இவர்கள் போய் மீட்டார்கள். மீட்கப்பட்டவர்களைவிட மீட்கப் போனதில் அடிபட்டவர்களும் இறந்தவர்களும் பல மடங்கு அதிகம். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டபின் 'கோ ஃபார் புரோக்'கை 'டூ ஆர் டை'க்கு மாற்றாக யாரும் போட மாட்டார்கள். ஒன்று நிலைமை நம்மைக் கொண்டுவந்து நிறுத்திய இடம், இன்னொன்று நாமாக எல்லாவற்றையும் எடுத்து வைப்பது. பின்வாங்க வழி இருந்தும் வைப்பது.

'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் புழங்க ஆரம்பித்தது, 'ஹை வாட்டர்' என்றால் வெள்ளம். இதில் தோல்வி என்கிற பேச்சே கிடையாது. 'என்ன ஆனாலும் சரி' என்று நாம் சொல்வதுதான். இதற்குச் சட்டத்திலும் ஒரு வாழ்வு இருக்கிறது. விமானம், இயந்திரம் போன்றவற்றைக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில் 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' விதி என்றே உண்டு. எடுத்த இயந்திரம் பழுதாகி நின்றாலும், எடுத்தவர் வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனங்களை வாங்கும் ஒப்பந்தங்களில் வேறொரு அர்த்தம்: போட்டிச் சட்ட அதிகாரிகள் என்ன நிபந்தனை போட்டாலும் ஏற்று வாங்குவதை முடிப்பேன் என்று வாங்குகிறவர் ஒப்புக்கொள்வது. ஒப்பந்தம் மொழிபெயர்க்கிறவர் இந்த இடத்தில் பொது அகராதியை மூடிவிட்டுச் சட்ட அகராதியைத் திறக்க வேண்டும். இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே அட்டையில் 'ஒத்த பொருள்' என்று போடுகிற செயலிக்கு நான் காசு கட்டச் சொல்ல மாட்டேன், இலவசமாகக் கிடைத்தாலும் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன்.

உச்சரிப்புக்கு யூகிளிஷ் நன்றாக இருக்கிறது. தொடரைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் யார் யார் அதைச் சொல்கிறார்களோ அந்த இடங்களுக்கே கொண்டுபோகும். 'டூ', 'டை' இரண்டிலும் அழுத்தம் விழுந்து நடுவில் 'ஆர்' தேய்ந்து போவதைக் காதால் கேட்டால்தான் பிடிபடும், எழுத்தில் விளக்கிப் பிரயோஜனம் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய விக்சனரி பதிவுக்குப் பதிவு தரம் மாறும், பிறமொழி இணைகளைப் பார்க்க மட்டும் போகலாம்.

கடைசியாக மொழிபெயர்ப்புக் கருவிகளும் உரையாடல் செயலிகளும். இவை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இன்றைய மதிப்பெண் நாளைக்கு உதவாது, அதனால் ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். 'அவர்களுக்கு இது டூ-ஆர்-டை ஆட்டம்' என்று பொருள்படும் ஒரு ஆங்கில வாக்கியம், 'அவள் டூ-ஆர்-டை உறுதியோடு படித்தாள்' என்று பொருள்படும் இன்னொன்று. முதலாவதற்கு 'வாழ்வா சாவா ஆட்டம்' என்றும், இரண்டாவதற்கு 'எப்பாடுபட்டாவது தேறியே தீருவது என்று படித்தாள்' என்கிற மாதிரியும் வந்தால் அந்தக் கருவியை நம்பி வேலை கொடுக்கலாம். இரண்டிலும் 'செய் அல்லது செத்து மடி' என்று ஒட்டிக்கொண்டு வந்தால், அது கொடுக்கிற மற்ற வாக்கியங்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.